குக்கீயை அழிக்கும் முன் ஒரு நிமிஷம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: பெட்டி ஓடாவிட்டால் பெட்டியைத் திட்டுவார்கள், ஓடினால் "முன்னாடி இப்படி இல்லையே" என்று நம்மைத் திட்டுவார்கள்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும், "சார் இல்லீங்களா?" என்பார்கள். "நான்தாங்க சார்" என்று சொல்லிப் பழகிவிட்டது. எங்கள் கடைக்கு வரும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரு துப்புரவு மென்பொருள் போட்டுக் கொடுப்போம். குப்பையைக் கூட்டும், வைரஸ் வந்தால் பிடிக்கும். அதில் 'குக்கீ பாதுகாப்பு' என்று ஒரு பகுதி இருக்கிறது. குக்கீ என்பது வண்டி ஸ்டாண்டில் தருகிற டோக்கன் மாதிரி. ஒரு தளத்தில் பாஸ்வேர்டு போட்டு நுழைந்தால், 'இவர் நம்ம ஆள்' என்று அது ஒரு டோக்கனை உங்கள் பிரவுசரில் வைத்துவிடும். மறுநாள் போனால் டோக்கனைப் பார்த்துவிட்டுச் சும்மா உள்ளே விடும். துப்புரவு செய்யும்போது மென்பொருள் அத்தனை டோக்கனையும் குப்பை என்று அள்ளிவிடும். எதை அள்ளக்கூடாது என்று பட்டியல் வைத்துக்கொள்வதும், வேறு புரோகிராம் எதுவும் வந்து அவற்றைத் திருடாமல் பார்த்துக்கொள்வதும்தான் இந்தப் பாதுகாப்பின் வேலை.

நல்ல வேலைதான். போன வருஷம் அந்த மென்பொருள் புது வடிவத்துக்கு மாறியது. மாறியபோது யாருடைய பட்டியல் எங்கே போனது என்று அதற்கே தெரியவில்லை. மூன்று மாதம் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மறந்துபோன பாஸ்வேர்டுக்கு முன்னால் உட்கார்ந்து நீங்கள் என்றைக்காவது வியர்த்திருந்தால், நாம் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள். உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

சிவப்புக் கட்டம்

காரிமங்கலத்தில் விதைக்கடை வைத்திருக்கும் மாதையன் போன் செய்தார். "மேடம், 'உங்கள் குக்கீகள் ஆபத்தில் உள்ளன'ன்னு செவப்பா ஒரு கட்டம் வருதுங்க." போனிலேயே சொல்லித்தருகிறேன், கம்ப்யூட்டரைப் போடுங்கள் என்றேன். போட மாட்டேன், நேரில் வந்தால்தான் ஆயிற்று என்று ஒரே பிடியாக நின்றார். அன்றைக்குச் சந்தை நாள். பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றபடி போய்ச் சேர்ந்தேன். கடையின் மூலையில், காலி உரச் சாக்கைப் போட்டு மூடி, மேலே ஒரு செங்கல் வைத்து, கம்ப்யூட்டரை ஏதோ பாம்பைப் பிடித்து அடைத்தது போல வைத்திருந்தார். ஒயர்களை எல்லாம் பிடுங்கிச் சுருட்டித் தனியாக ஒரு பையில் போட்டிருந்தார்.

ஒயர்களை மாட்டிப் போட்டுப் பார்த்தேன். சிவப்புக் கட்டம் உண்மைதான். ஆனால் அது எந்த பிரவுசரைப் பற்றிச் சொல்கிறது என்று அதற்குள்ளேயே சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் இவரே பிடிக்கவில்லை என்று எடுத்துவிட்ட பழைய பிரவுசர் அது. ஆள் போய்விட்டது, பெயர் மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது. அந்தப் பெயருக்கு நேரே இருந்த டிக்கை எடுத்தேன். கட்டம் பச்சையாகிவிட்டது. வந்த வேலை ஒரு நிமிஷம்கூட இல்லை. மாதையன் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"இல்லாத வூட்டுக்குப் பூட்டு போடலன்னுதான் அது கத்திக்கிட்டிருந்துச்சா? நாலு நாளா நான் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலைங்க!"

பொருத்தம் பார்க்கும் புரோகிராம்

பாலக்கோடு பக்கத்தில் சுப்பம்மா என்று ஓர் அம்மா. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ். முன்னறையில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள், பையன்களின் ஜாதகம், போட்டோ, வீட்டு விலாசம் எல்லாம் அவருடைய மெயிலில் இருக்கின்றன. அவருக்கு வந்த தொல்லை வேறு மாதிரி. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திரையின் மூலையில், 'ஒரு புரோகிராம் உங்கள் குக்கீகளைப் படிக்க முயன்றது, தடுத்துவிட்டோம்' என்று ஒரு செய்தி எட்டிப்பார்க்கிறது. அதை மூடி மூடி விரலே வலிக்கிறது, இந்தப் பாதுகாப்பு என்ற கருமத்தை நிறுத்திவிட்டுப் போ என்று கூப்பிட்டார். கிளம்பும்போது என் முதலாளியும் அதையேதான் சொன்னார்: "நிறுத்திட்டு வந்துரும்மா, வேற வேலை கெடக்குது."

நிறுத்துகிற பொத்தான் மேல் மவுஸை வைத்துவிட்டேன். என்ன தோன்றியதோ, பக்கத்தில் இருந்த 'விவரம்' என்பதை அழுத்தினேன். படிக்க முயன்ற புரோகிராமின் பெயர் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் சுப்பம்மாவே எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய ஜாதகப் பொருத்த புரோகிராம். நட்சத்திரம் பார்க்க வந்ததற்கு மெயில் டோக்கன் எதற்கு? அந்த டோக்கன் கைக்குக் கிடைத்திருந்தால், பாஸ்வேர்டே இல்லாமல் அத்தனை பெண்களின் போட்டோவும் விலாசமும் யாரோ ஒருவன் கைக்குப் போயிருக்கும்.

அந்த புரோகிராமைப் பிடுங்கினேன். அவருடைய மெயில் திறந்திருந்த எல்லா இடத்திலும் அதை மூடவைத்து, பாஸ்வேர்டை மாற்றி, யாராவது உள்ளே வந்து போன தடயம் இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் தேடினேன். ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே தடுத்திருந்தது, நாங்கள் நிறுத்தப்பார்த்த அந்தப் பாதுகாப்பு. நடந்ததைச் சொன்னேன். சுப்பம்மா "அய்யோ தேவுடா" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சொம்பு மோரை எனக்குக் கொடுக்கக் கொண்டுவந்து அவரே குடித்து முடித்தார்.

"பொருத்தம் பாக்க வந்தவன் பீரோச் சாவிய கேட்டான்னா, அவன் மாப்ள வூட்டுக்காரன் இல்ல கண்ணு."

முதலாளியின் தொப்பி

என் முதலாளி செந்தில் அண்ணன் தலையில் எப்போதும் தொப்பி இருக்கும். கடையில் ஒரு பெரிய திரையை வாடிக்கையாளர் பார்க்கும்படி சுவரில் மாட்டியிருக்கிறார். ஒருநாள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதில் விக் விளம்பரம். செய்தி படித்தால் விக். ரயில் நேரம் பார்த்தால் விக். 'இயற்கையான தோற்றம், வியர்வையிலும் நழுவாது' என்று ஓர் ஆள் சிரித்துக்கொண்டு தலை சீவுகிறான். "நீ போட்ட டூலு வேலை செய்யலம்மா" என்றார் அண்ணன். பார்த்தேன். பாதுகாப்புப் பட்டியலில் கடைக்கு வேண்டிய இரண்டு தளங்களைச் சேர்ப்பதற்குப் பதிலாக 'எல்லாம்' என்பதை டிக் செய்து வைத்திருந்தார். நாம் எதைத் தேடினோம் என்று குறித்துவைக்க விளம்பரக்காரர்களும் டோக்கன் வைப்பார்கள். ஊரில் இருக்கிற விளம்பரக்காரன் ஒவ்வொருவனின் டோக்கனையும் என் டூல் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் விக் திரும்ப வந்துவிட்டது. அவருடைய போனும் அதே கணக்கில் இருந்தது. போனில் தேடியது இங்கேயும் வந்திருக்கிறது. அதை நான் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, லேப்டாப் வாங்க வந்திருந்த ஒரு வாத்தியார் திரையைப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்குங்களா? போட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று அண்ணனிடம் அக்கறையாகக் கேட்டார். வரிசையில் நின்ற எல்லோர் பார்வையும் மெல்ல அந்தத் தொப்பிக்குப் போனது. அவர்கள் போன பிறகு அண்ணன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் போடவே இல்லை; பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார்.

"பத்து வருஷமா தொப்பிக்குள்ள காப்பாத்தினத பத்து பேரு முன்னாடி போட்டு ஒடச்சிருச்சேம்மா! சரி விடு, காத்தாவது வருது."

நீங்கள்தானா?

இது என் தவறு. அதனால் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

கடைவீதியில் லதா என்பவர் வீட்டு முன்னறையிலேயே பிளவுஸ் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறார். டிசைன் போடும் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று கொண்டுவந்து கொடுத்தார். "டிசைன் எல்லாம் பத்திரமா எடுத்து வச்சுட்டீங்களா?" என்று கேட்டேன். "வச்சுட்டேங்க மேடம்" என்றார். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. பாதுகாப்புப் பட்டியல் காலியாக இருக்கிறது என்பதையும் பார்க்கவில்லை. துப்புரவு செய்தேன், பெட்டி பறந்தது, எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் நான் வரும்போது கடை ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம்.

"மெயிலு தொறக்க மாட்டேங்குதுங்க. பாஸ்வேர்டு கேக்குது. அது அவரு மெயிலுங்க."

அவர் கணவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஹூப்ளியில் ஒரு லாரி ஆபீசில் வேலை பார்த்தவர். தினமும் மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து லதாவுக்கு ஒரு மெயில் எழுதுவாராம். இன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை, அங்கே மழையா, கேஸ் புத்தகத்தை எங்கே வைத்தாய், இவ்வளவுதான் விஷயம். லதாவுக்கென்று தனி மெயில் கிடையாது; அவர் தன் கணக்குக்கே அனுப்பிவைப்பார், லதா அதிலேயே படித்து அதிலேயே பதில் எழுதுவார். டிசைன் போடும் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு எப்போதும் திறந்தே கிடந்தது. அவர் போன பிறகு லதா தினமும் காலையில், மெஷினைப் போடுவதற்கு முன்னால், முதலிலிருந்து வரிசையாக ஒரு கடிதம் படிப்பார். முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. பாஸ்வேர்டு அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை, நான் அந்த டோக்கனை அள்ளிக் கொட்டும் வரைக்கும்.

பாஸ்வேர்டு மறந்தால் உதவ வேண்டிய மீட்பு எண் கணவருடைய பழைய நம்பர். அது இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது. லதாவைக் கேட்டு மூன்று பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தேன். மூன்றாவதோடு, நாளைக்கு வா என்று தளம் எங்களை வெளியே தள்ளிவிட்டது. செந்தில் அண்ணன், "சொல்லாம வச்சிருந்தது அவங்க தப்பும்மா" என்றார். இல்லை, கேட்காமல் விட்டது என் தப்பு என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "அவரு போன் இருக்குங்களா?" என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியில், கைக்குட்டையில் சுற்றி இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. சார்ஜில் போட்டோம். அரை மணி நேரம் ஒரு அசைவும் இல்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு பிளவுஸில் இருந்த மயில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு பாட்டரி படம் ஒன்று மினுக்கென்றது. திறக்கக் கோடு போட வேண்டும். லதா யோசிக்காமல் விரலால் இங்கிலீஷ் 'எல்' எழுத்தைப் போட்டார், திறந்தது. என் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தேன். கம்ப்யூட்டரில், 'வேறு வழியில் உள்ளே வருகிறேன்' என்பதை அழுத்தினேன். அதே கணக்கு இன்னும் திறந்தே இருந்த அந்தப் பழைய போன் கையில் ஒருமுறை அதிர்ந்தது. 'உள்நுழைய முயல்வது நீங்கள்தானா?' கீழே இரண்டு பொத்தான்: ஆம், இல்லை.

லதா விரலை நீட்டிவிட்டு நிறுத்தினார். "நான்தான்னு சொன்னா பொய் ஆயிடுங்களா மேடம்?"

"அழுத்துங்க" என்று மட்டும் சொன்னேன். ஆம் என்று அழுத்தினார். கம்ப்யூட்டரில் மெயில் திறந்தது. வரிசை வரிசையாக எல்லாம் அப்படியே இருந்தன. பிறகு மளமளவென்று வேலை பார்த்தேன். மீட்பு எண்ணை லதாவின் எண்ணாக மாற்றினேன், புதுப் பாஸ்வேர்டை நோட்டில் எழுதச் சொன்னேன், பாதுகாப்புப் பட்டியலில் முதல் பெயராக அந்தத் தளத்தைச் சேர்த்தேன், கடிதங்கள் அத்தனைக்கும் ஒரு நகல் எடுத்துத் தனி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் லதா விட்ட இடத்திலிருந்து ஒரு கடிதத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்திருந்தார். படித்துக்கொண்டே சிரித்தார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா பதிலே இல்ல, எங்க போய்ட்டன்னு திட்டியிருக்காரு மேடம். சரியாத்தான் திட்டியிருக்காரு."

மூடாதீங்க

மொரப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பரிமளா அக்கா இன்டர்நெட் சென்டர் நடத்துகிறார். பலபேர் வந்து போகிற இடம் என்பதால், பிரவுசரை மூடினாலே எல்லா டோக்கனும் அழிந்துவிடும்படி நானே அமைத்துக் கொடுத்திருந்தேன். ஒருவர் மெயிலை அடுத்தவர் பார்க்க முடியாது. அந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒருநாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு அவரிடமிருந்து போன்.

"மேடம், பிரவுசர் அப்படியே நின்னு போச்சுங்க. மூடிட்டுத் தொறக்கட்டுங்களா?"

"மூடாதீங்க! யாராச்சும் ஏதாச்சும் பாதியில வச்சிருக்காங்களா?"

வைத்திருந்தது காவேரி என்ற பெண். சித்தேரி மலையிலிருந்து காலையில் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறாள். காலேஜ் சீட்டுக்கு எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசைப்படுத்தி உறுதி செய்ய அன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. வரிசையைப் போட்டுவிட்டாள், உறுதி செய்யவில்லை. பிரவுசரை மூடினால் டோக்கன் போய்விடும். திரும்ப நுழைய வேண்டுமானால் ஓடிபி எண் வேண்டும். அது அவள் அப்பாவின் போனுக்குப் போகும்.

"அப்பா எங்க இருக்காரு?"

"மலை மேலங்க. வூட்டுல டவர் கெடையாது. காலைல ஒரு பாறை மேல ஏறி நின்னுதான் நம்பர படிச்சாராம். இந்நேரம் சாமைக் காட்டுக்குப் போயிருப்பாருங்குது பொண்ணு."

பட்டியலில் அந்தத் தளத்தைச் சேர்க்கலாம் என்றால், 'பிரவுசரை மூடித் திறந்தால்தான் அமலுக்கு வரும்' என்றது மென்பொருள். மூடக்கூடாது என்பதற்காகத்தான் அதைச் சேர்க்கவே பார்க்கிறோம். மிச்சம் ஒரே வழி, மென்பொருளையே முழுதாக நிறுத்துவது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கேடயப் படத்தை வலது பக்கம் க்ளிக் செய்யச் சொன்னேன். நிறுத்தவேண்டுமானால் பாஸ்வேர்டு கொடு என்றது. அது பரிமளா அக்காவே போட்ட பாஸ்வேர்டு. மகள் பெயரைப் போட்டார், இல்லை. கடைப் பெயர், இல்லை. பிறந்த ஊர், இல்லை. "மறந்துருச்சே மேடம், மறந்துருச்சே" என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. பின்னாலிருந்து காவேரியின் சின்னக் குரல் கேட்டது.

"அக்கா, செவுத்துல பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கீங்களே, அது இல்லீங்களா?"

அது வைஃபை பாஸ்வேர்டு. இதற்கும் அதையே போட்டிருந்தார். (அதைப் பற்றிப் பிறகு அவரிடம் தனியாகப் பேசினேன்.) கேடயம் மறைந்தது. நின்றுபோன பிரவுசரை வலுக்கட்டாயமாக மூடச் சொன்னேன். திறக்கும்போது பழைய பக்கங்களைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கும், ஆம் என்று கொடுங்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து மொரப்பூரில் ஒரு கூட்ஸ் வண்டி நுழைந்தது. தடதடவென்ற சத்தத்தைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி மேல் பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. இவ்வளவு நீளமான வண்டியை ரயில்வேக்காரர்கள் இதற்கு முன்னால் விட்டிருக்கவே மாட்டார்கள். நான் போனைக் காதில் அழுத்தியபடி கடை வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

சத்தம் தேய்ந்தபோது பரிமளா அக்கா கத்திக்கொண்டிருந்தார். "வந்துருச்சுங்க! பேரு காட்டுதுங்க! லிஸ்ட்டு அப்படியே இருக்குதுங்க!" காவேரி உறுதி செய்தாள், அச்செடுத்துக்கொண்டாள். நாலேகால் மணி. முதல் வேலையாகக் காவேரியைத் தளத்திலிருந்து வெளியேறச் சொல்லி, அந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வைத்து, மென்பொருளைத் திரும்ப ஓடவிட்டேன். அப்பாவுக்கு ஒருதடவை அடித்துப் பார்க்கிறேன், எப்படியும் எடுக்க மாட்டார் என்று காவேரி தன் போனில் எண்ணைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அவர் குரல் அவள் போன் வழியாக, பரிமளா அக்கா போன் வழியாக, எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"நான் சொல்ற வரைக்கும் எறங்காதன்னியே பாப்பா, பாறை மேலதான் நிக்கறேன். இப்ப எறங்கட்டுமா?"

ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யப் பத்து நிமிஷம் போதும், எதைத் தொடக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்கு மாதம் முழுவதும் வேலை இருக்கிறது.